பாவகடா சோலார் பூங்கா: வேலிக்கு வெளியே நின்றவர்களை விதி கேட்கவில்லை

பெரிய சோலார் திட்டங்களுக்கு நிலம் எடுப்பது பற்றி இந்தியாவில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் பாவகடாவுக்கு வந்துவிடும். கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய வறண்ட வட்டம் அது. அங்கே ஏறக்குறைய 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுள்ள சோலார் பூங்கா இருக்கிறது. 2018 மார்ச் 1 அன்று அப்போதைய முதல்வர் சித்தராமையா அதைத் தொடங்கி வைத்தார். 2019 டிசம்பரில் முழுத் திறனுக்கு வந்தது. விவசாயிகளின் நிலத்தை விலைக்கும் வாங்காமல், கையகப்படுத்தவும் செய்யாமல், குத்தகைக்கு எடுத்து இவ்வளவு பெரிய பூங்காவை அமைத்தார்கள். அதனால்தான் இதை எல்லோரும் முன்மாதிரி என்கிறார்கள்.

அந்தப் பாராட்டில் நியாயம் இருக்கிறது. நிலக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாட்டில் இதைவிடக் கண்ணியமாக நிலம் எடுத்த பெரிய திட்டங்கள் அதிகம் இல்லை. ஆனால் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள் நிலக்காரர்கள் மட்டுமல்ல. மற்றவர்கள் எந்தக் கணக்கில் வந்தார்கள் என்று தேடினால், அவர்களைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் விதியே இந்தத் திட்டத்தின் பாதையில் குறுக்கிடவில்லை என்பது தெரியும். அதிகாரிகள் எந்த விதியையும் மீறவில்லை. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் இதை ஆற அமரப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலமும் குத்தகையும்

திருமணி, பாலசமுத்திரா, வள்ளூரு, ராயசர்லு, க்யாதகானசர்லு ஆகிய ஐந்து கிராமங்களின் நிலம் பூங்காவுக்குள் வருகிறது. மானாவாரி நிலக்கடலைதான் முக்கியப் பயிர். அறுபது ஆண்டுகளில் 54 முறை வறட்சி பாதித்த வட்டமாக அறிவிக்கப்பட்டது என்பது பாவகடாவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. போர் போட்டாலும் தண்ணீர் கிடைப்பது நிச்சயமில்லை. கிடைத்தாலும் அதில் ஃப்ளோரைடு. பிள்ளைகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, மழை வந்தால் விதைப்போம் என்று காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

மத்திய அரசின் சோலார் பூங்காத் திட்டம் 2014 டிசம்பரில் வந்தது. முதலில் 20,000 மெகாவாட் இலக்கு. 2017ல் அது 40,000 ஆனது. இதில் ஒரு மெகாவாட்டுக்கு 20 லட்சம் ரூபாய் அல்லது பூங்காவின் உள்கட்டமைப்புச் செலவில் 30 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது மானியமாகக் கிடைக்கும். நிலம், சாலை, துணைமின் நிலையம் எல்லாவற்றையும் ஓர் அரசு நிறுவனம் தயார் செய்து வைக்கும். ஏலத்தில் வென்ற கம்பெனி வந்து பேனல் பதித்து மின்சாரம் விற்கலாம். பாவகடாவுக்காக 2015 மார்ச்சில் கர்நாடக சோலார் மின் வளர்ச்சிக் கழகம் உருவானது. மத்திய அரசின் சோலார் எனர்ஜி கார்ப்பரேஷனும் மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமும் அதில் பங்காளிகள்.

விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டது இந்தக் கழகம்தான். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் வாடகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, மொத்தம் 28 ஆண்டுகள். நிலத்தின் உரிமை விவசாயியிடமே இருக்கும். கம்பெனி திவாலானாலும் வாடகை தர வேண்டிய பொறுப்பு அரசுக் கழகத்தின் தலையில். தனித்தனி விவசாயி ஒரு பெரிய கம்பெனியோடு நேரடியாகப் பேரம் பேசும் நிலையை இது தவிர்த்தது. அது சாதாரண விஷயமில்லை.

நான்கு ஏக்கர் வைத்திருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 84,000 ரூபாய், அதாவது மாதம் 7,000. விதைக் கடலை வாங்கக் கடன் வேண்டாம், மழைக்காக வானத்தைப் பார்க்க வேண்டாம். கடலை பொய்த்துப்போன ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. நாற்பது ஏக்கர்க்காரருக்கு ஆண்டுக்கு 8,40,000. அவர் வீட்டைப் புதுப்பிக்கலாம், டவுனில் மனை வாங்கலாம். சரி, அந்த நான்கு ஏக்கரிலும் நாற்பது ஏக்கரிலும் களை எடுத்த பெண்ணுக்கு? பூஜ்யம்.

இந்த வாடகையிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. 28 ஆண்டுகளில் 13 முறை உயர்ந்தாலும் கடைசியில் ஏக்கருக்கு 39,600 ரூபாயை ஒட்டித்தான் வந்து நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அன்றைய 39,600 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்ட ஆண்டின் மதிப்பில் சுமார் 10,600 ரூபாய்க்குத்தான் சாமான் வாங்க முடியும். வாடகை பாதியாகிவிடுகிறது. கையெழுத்துப் போடும் நாளில் 21,000 என்ற எண் கண்ணை நிறைக்கும். உயர்வு விகிதத்தை உட்கார்ந்து பெருக்கிப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? பெருக்கிக் காட்டியிருக்க வேண்டியது அரசுத் தரப்பு.

கையகப்படுத்தும் சட்டம் பார்த்ததை குத்தகை பார்க்கவில்லை

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. நிலம் இருப்பவர்கள் மட்டும் அதில் வரவில்லை. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர், குத்தகைதாரர், அந்தப் பகுதியில் தொழில் செய்த கைவினைஞர் என, கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே பிழைப்பு நடத்தி அதை இழப்பவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். திட்டத்தால் யார் எதை இழக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். கிராமப் பஞ்சாயத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும், பொதுக் கேட்பு நடத்த வேண்டும், எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை தர வேண்டும். அந்த மாதத் தொகை விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து உயர வேண்டும் என்றும் அட்டவணை சொல்கிறது.

இந்தச் சட்டம் கையகப்படுத்தும்போதுதான் உயிர் பெறும். நிலக்காரர் மனமுவந்து குத்தகைக்குக் கொடுத்தால் அதன் கதவு திறப்பதே இல்லை. சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை, பொதுக் கேட்பு இல்லை, கூலிக்காரர் பட்டியல் இல்லை. விலைவாசியோடு உயரும் தொகை என்ற யோசனையும் இல்லை. நிலக்காரருக்கு நல்லது செய்த அதே ஏற்பாடு, நிலமில்லாதவருக்கு இருந்த ஒரே சட்டப் பாதுகாப்பையும் சத்தமில்லாமல் விலக்கி வைத்துவிட்டது. குத்தகை என்பது இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம். மூன்றாவது ஆளுக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் 13,000 ஏக்கரில் ஐந்து கிராமங்களின் பிழைப்பு மாறும்போது அதை இரண்டு பேர் சமாச்சாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பட்டா இல்லாமல் அரசு நிலத்தில் காலங்காலமாக உழுதவர்களுக்கும் இதே கதிதான். வாடகை ஆவணத்தில் பெயர் இருப்பவருக்கு. தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலம், வாய்மொழியாகப் பாகம் பிரித்த நிலம், சகோதரர்களுக்குள் வழக்கு நடக்கும் நிலம் எல்லாம் தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைய வைக்கும் நிலங்கள். பெண்கள் பெயரில் நிலம் குறைவு என்பதால் வாடகைப் பணம் யார் கணக்குக்குப் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு கடலைக் காட்டில் எத்தனை பேர் பங்கு

நிலக்கடலை போட்ட நிலத்திலிருந்து காய் மட்டும் வருவதில்லை. விதைப்பு முதல் களை எடுப்பு, செடி பிடுங்குதல், காய் ஆய்தல், விதைக்குத் தோல் உடைத்தல் வரை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் நடக்கும். கூலி குறைவுதான். ஆனால் அது வீட்டுக்குப் பக்கத்திலேயே, குழந்தையை மரத்தடியில் தூளியில் போட்டுவிட்டுச் செய்யக்கூடிய வேலை. காய் ஆய்ந்த பிறகு கடலைக்கொடி மாட்டுக்குப் போகும். அறுப்பு முடிந்த காட்டில் ஆடுகள் மேயும். கிடை போட்டால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்காரருக்கு ஏதோ கொஞ்சம் வரும்படி. இதில் எதற்கும் ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. ஆவணத்தில் இல்லாததால் இழப்புக் கணக்கிலும் இல்லை.

பூங்கா வந்தபின் வேலைகள் வரத்தான் செய்தன. கட்டுமான நேரத்தில் நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்கப்புறம் மிஞ்சியவை பேனல் துடைப்பது, பேனலுக்கு அடியில் வளரும் புல்லை வெட்டுவது, காவல் வேலை. சோலார் நிலையம் ஓட ஆரம்பித்தால் ஆட்கள் அதிகம் தேவைப்படாது. செலவு குறைவு என்பதே அதன் பலம். ஆகவே இழந்த கூலி நாட்களை இந்த வேலைகள் ஈடுகட்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. அது கம்பெனிகளின் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. தொழில்நுட்பத்தின் தன்மை அப்படி. அப்படியிருக்க, எத்தனை பேர் எத்தனை நாள் வேலையை இழப்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணும் கடமையை விதியில் எழுதாமல் விட்டதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

ஆட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். கூலிக்காரருக்காவது கட்டுமானக் காலத்தில் நாலு காசு கிடைத்திருக்கும். ஆடு மேய்த்தவருக்குக் கிடைத்தது வேலி. பகுதி பகுதியாக வேலி போடும்போது பக்கத்துக் கிராமத்துக்குப் போகும் தடங்களும் தண்ணீர் காட்டும் வழிகளும் மாறிப்போகும். மந்தையை ஓட்டிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும்.

50 ஹெக்டேர் குடியிருப்புக்கு உண்டு, 5,000 ஹெக்டேர் பூங்காவுக்கு இல்லை

நிலச் சட்டம் பார்க்காததைச் சுற்றுச்சூழல் சட்டம் பார்த்திருக்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட நகரியத் திட்டத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பாவகடா பூங்காவின் பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். ஆனால் சூரிய ஒளி மின் திட்டங்கள் அந்த அறிவிக்கையின் வரம்புக்குள் வராது என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2017ல் சோலார் பூங்காக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்து அதை மறுபடியும் உறுதி செய்தது. இடையில் 2016ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சூரிய ஒளி மின்னுற்பத்தியை ‘வெள்ளை’ வகையில் வைத்தது. அந்த வகைத் தொழில்களுக்கு வாரியத்தின் இசைவே வேண்டாம்.

புகையும் சாம்பலும் இல்லாத தொழிலுக்கு மாசு நோக்கில் விலக்கு கொடுத்தது சரிதான். நிலக்கரி நிலையத்தையும் சோலார் நிலையத்தையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிரச்சினை எங்கே என்றால், சுற்றுச்சூழல் மதிப்பீடு மாசை மட்டும் பார்ப்பதில்லை. நிலம் எப்படி மாறுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் எதை இழக்கிறார்கள் என்பதையும் அதுதான் பார்க்கிறது. விலக்கு கொடுத்தபோது இவை எல்லாம் சேர்ந்து போய்விட்டன.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நிலத்தில் வரப்புகள்தான் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும். பேனல் பதிக்க நிலத்தைச் சமன் செய்யும்போது வரப்பு போய்விடும். சின்ன ஓடைகள் நேராக்கப்பட்ட கால்வாயாகிவிடும். மழைநீர் முன்னைவிட வேகமாக ஓடும், ஏரிக்கு வரும் வழியும் மாறலாம். கூடவே பேனல் கழுவத் தண்ணீர் வேண்டும். ஆண்டு முழுக்கத் தூசி பறக்கும் வறண்ட வட்டத்தில் அது எங்கிருந்து வரும் என்பது முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூங்கா வந்தபின் ஊரில் சூடு கூடிவிட்டது என்று கிராமத்தினர் சொல்வதை வெறும் பேச்சு என்று தள்ளுவது சுலபம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து 2016ல் வெளியிட்ட ஆய்வு, சோலார் நிலையத்தின் மேல் இரவு வெப்பம் பக்கத்துப் பாலைநிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் அதிகம் இருந்ததைக் காட்டியது. அது நிலையத்துக்கு உள்ளே எடுத்த அளவு. வேலியிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளில் என்ன ஆகும் என்பதற்கு அந்தந்த இடத்தில் அளக்க வேண்டும். அளக்கவும் முன்னால் எடுத்த அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். மதிப்பீடு கட்டாயமாக இருந்திருந்தால், பூங்கா வருவதற்கு முந்தைய வெப்பம், நிலத்தடி நீர்மட்டம், ஏரிக் கொள்ளளவு எல்லாம் ஒரு கோப்பில் இருந்திருக்கும். ஊர்க்காரர் சொல்வதை நிரூபிக்கவோ மறுக்கவோ முடிந்திருக்கும்.

முன்னால் கேட்காவிட்டால்

இப்படி விட்டுவிடுவது திட்டங்களுக்காவது நல்லதா என்றால், அதுவும் இல்லை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் வாழும் பகுதிகளில் சோலார், காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகளில் அந்தப் பறவைகள் மோதிச் செத்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஏப்ரலில் வந்த உத்தரவு ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்நிலைக் கம்பிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசு முறையிட, 2024 மார்ச் 21 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்தப் பொதுத் தடையைத் திரும்பப் பெற்று நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது. மூன்று ஆண்டுகள் கம்பெனிகளும் தவித்தன, பறவைகளும் தவித்தன. எந்த வழியில் கம்பி போக வேண்டும் என்பதைத் திட்டம் போடும்போதே மேப்பை விரித்து வைத்துப் பேசியிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்து உதாரணம் கமுதி. ராமநாதபுரம் மாவட்டத்தில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட். 2016ல் திறந்தபோது ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரியதாகப் பேசப்பட்டது. அங்கே நிலம் விலைக்குப் போனது. விற்றவருக்கு அன்றைய விலையோடு கணக்கு முடிந்தது. பாவகடாவின் வாடகை மாதிரி ஆண்டுதோறும் வரும் எதுவும் இல்லை. ஆவணத்தில் தரிசு என்றிருக்கும் அந்த மாவட்டத்து நிலங்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. தரிசு என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு நிலத்தில் யாருக்கும் பிழைப்பு இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு ராமநாதபுரமே போதும்.

வெளிநாடுகளில் வேறு வேறு வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சோலார் திட்டத்துக்கு மத்திய அமைச்சரின் அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2025 டிசம்பர் 31 முதல் அந்த வரம்பு 100 மெகாவாட். அனுமதிக்கு முன் ஊர் மக்கள் எழுத்திலும் நேரிலும் பேசக்கூடிய விசாரணை ஒன்று நடக்கும். பிரான்ஸ் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த ஆணை, விவசாயத்தோடு சேர்ந்த சோலார் திட்டத்தில் விளைச்சல் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. பெரிய திட்டங்களில் பேனல் மூடும் பரப்புக்கும் 40 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இதையெல்லாம் அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டச் சொல்லவில்லை. பேனலுக்கு அடியில் பயிர் என்பது பாவகடாவில் மழை இருந்தால்தானே.

என்ன செய்யலாம்

தாமதமாகும் என்பார்கள். 2030க்குள் புதைபடிவம் சாராத மின் திறனை 500 கிகாவாட்டாக்கும் இலக்கு இருக்கும்போது இன்னொரு அனுமதி எதற்கு என்று கேட்பது புரிகிறது. வாடகையை எதிர்பார்த்து நிற்கும் விவசாயியும் அதையேதான் கேட்பார், அவர் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் கழகம் உருவானதிலிருந்து பூங்கா முழுத் திறனுக்கு வர நாலே முக்கால் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நில அளவை, விரிவான திட்ட அறிக்கை, ஏலம் எல்லாம் நடக்கும் அதே நேரத்தில் ஆறு மாதச் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் நடத்தலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 2013 சட்டத்தில் இருக்கும் மதிப்பீட்டை 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பொருந்தும்படி நீட்டினால் போதும். அதோடு நீரோட்டம், மேய்ச்சல் தடம், மின்கம்பி வழி மூன்றையும் காட்டும் வரைபடம் ஒன்று, பஞ்சாயத்தில் எல்லோரும் பார்க்கும்படி.

வாடகை உயர்வை விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு கட்ட வேண்டும். நிலமில்லாதவர்களுக்கான மாதத் தொகையைப் பூங்காவின் செலவிலேயே சேர்த்து ஏலம் விட வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் அதே செலவைக் கணக்கிட்டுத்தான் விலை சொல்லும், யாருக்கும் போட்டியில் பாதகம் இல்லை. மானியமும் இதையெல்லாம் முடித்த பூங்காவுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால், மத்திய அரசு புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

கடைசியாக, நிலத்தைத் திருப்பித் தரும் நாள். பாவகடாவின் குத்தகைகள் 2040களில் முடியும். அன்று 13,000 ஏக்கரில் இரும்புத் தூண்கள், காங்கிரீட், மண்ணுக்கடியில் கேபிள், காலாவதியான பேனல்கள் இருக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனல்களையும் சேர்த்துக்கொண்டன, அது நல்லது. ஆனால் அவை பேனலைத்தான் பார்க்கின்றன, அது நின்ற நிலத்தைப் பார்க்கவில்லை. வரப்பு அழிந்து எல்லைக்கல்லும் இல்லாமல் கிடக்கும் நிலத்தில் யாருடைய நான்கு ஏக்கர் எங்கே இருந்தது என்று அளந்து கொடுக்க வேண்டும், தூணைப் பிடுங்க வேண்டும், மண்ணை உழவுக்குத் தயார் செய்ய வேண்டும். அன்றைக்கு அந்தக் கம்பெனி யார் கையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தச் செலவுக்கான வைப்புத்தொகையைக் கம்பெனியிடமிருந்து ஆண்டுதோறும் பிடித்து, விவசாயிகளின் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்கில் போட வேண்டும். பாவகடாவை இன்னும் விரிவாக்கும் பேச்சு நடக்கிறது. புதிதாக எழுதப்படும் குத்தகைப் பத்திரங்களில் முதலில் சேர்க்க வேண்டிய பக்கம் இதுதான்.